முதல் கோழி செத்த நாள்

பறவைக் காய்ச்சல் தடுப்பு வேலையில் இருப்பவர்கள் ஒரு நோய்க்கிளர்ச்சியைப் பற்றிக் கேள்விப்பட்டதும் முதலில் இரண்டு தேதிகளைத்தான் விசாரிப்பார்கள். முதல் கோழி என்றைக்குச் செத்தது? போபால் ஆய்வகத்திலிருந்து முடிவு என்றைக்கு வந்தது? எத்தனை பறவைகளை அழித்தார்கள், எத்தனை பேருக்குக் கவச உடை கிடைத்தது, அமைச்சர் எப்போது வந்து பார்த்தார் என்பதெல்லாம் அப்புறம். அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில்தான் வைரஸ் வாரச்சந்தைக்குப் போகிறது, முட்டை அட்டைகளிலும் வண்டிச் சக்கரங்களிலும் ஒட்டிக்கொண்டு பக்கத்துத் தாலுகாவுக்குப் போகிறது, கோழியை உரித்தவரின் கைக்கும் மூக்குக்கும் போகிறது. எச்சத்தையும் தொண்டைச் சளியையும் பஞ்சுக்குச்சியில் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினால், போபால் ஆய்வகம் முடிவு சொல்ல அதிக நாள் எடுப்பதில்லை. இடைவெளியின் பெரும்பகுதி, யாரோ ஒருவர் விஷயத்தை வெளியே சொல்லாமல் வைத்திருந்த நாட்கள்தான். இந்தியா போன்ற வளரும் நாடு இன்ஃபுளுயன்சா கொள்ளைநோய்க்கு எவ்வளவு தயாராக இருக்கிறது என்று என்னைக் கேட்டால், மருந்துக் கிடங்கையும் தடுப்பூசி ஆலையையும் பார்ப்பதற்கு முன்னால் இந்த நாட்களை எண்ணிப் பார்க்கச் சொல்வேன். நோயை முதலில் சொல்பவருக்கு நஷ்டமும் அதைக் கேட்டுக்கொள்பவர்களுக்கு லாபமும் என்ற நிலை இருக்கும்வரை, எவ்வளவு தடிமனான திட்டப் புத்தகம் அச்சடித்தாலும் அந்த நாட்கள் குறையப் போவதில்லை.

இந்தியாவில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் முதன்முதலில் அறிவிக்கப்பட்டது 2006 பிப்ரவரி 18 அன்று. இடம் மகாராஷ்டிரத்தின் நந்துர்பார் மாவட்டத்தில், குஜராத் எல்லையை ஒட்டிய நவாப்பூர். முட்டைக்கோழிப் பண்ணைகள் நெருக்கமாக இருக்கும் ஊர் அது. அறிவிப்புக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே அங்கே கோழிகள் செத்துக்கொண்டிருந்தன. இராணிக்கெட் என்று, அதாவது நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்பார்களே அந்த நோய் என்று, எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அப்படி நினைத்ததில் பாதி அறியாமை, பாதி வசதி. இராணிக்கெட் என்றால் பண்ணையை மூட வேண்டாம், முட்டையை விற்கலாம், கடன் தவணையைக் கட்டலாம். இரண்டு நோயும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் என்பது உண்மைதான்: கொண்டை நீலம் பாய்வது, முகம் வீங்குவது, பச்சையாகக் கழிவது, ஒரே இரவில் வரிசையாகச் சாய்வது என்று எதை எடுத்துக்கொண்டாலும் அனுபவமுள்ள மருத்துவர்கூட ஆய்வகம் இல்லாமல் சத்தியம் செய்ய மாட்டார். அதனால்தான் சந்தேகம் வந்த உடனே மாதிரி எடுப்பது முக்கியமாகிறது. மாதிரி எடுக்க வேண்டுமானால் யாராவது ஒருவர் கால்நடை மருந்தகத்துக்கு வந்து சொல்ல வேண்டும்.

நவாப்பூரிலாவது பண்ணைகள் ஓரிடத்தில் இருந்தன; மூன்று கிலோமீட்டர் ஆரத்துக்கு வட்டம் போட்டு மூட முடிந்தது. 2008 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தில் வெடித்தது வேறு விதமான சோதனை. அங்கே பாதிக்கப்பட்டவை புறக்கடைக் கோழிகள்; வீட்டுக்கு நான்கைந்து, அதுவும் பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கும் சொத்து. பள்ளிக்கூடத்துக்குப் பேனா, காய்ச்சலுக்கு மாத்திரை, விருந்தாளிக்குக் குழம்பு எல்லாம் அந்தக் கூண்டிலிருந்துதான். அழிப்புக் குழு வருகிறது என்றதும் கோழிகளைக் கூடைக்கடியிலும் கட்டிலுக்கடியிலும் ஒளித்தார்கள், இரவோடு இரவாக உறவினர் ஊருக்குக் கடத்தினார்கள், மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிச் சமைத்தார்கள். நோய் 13 மாவட்டங்களுக்குப் பரவியது. 40 லட்சத்துக்கும் மேலான பறவைகள் அழிக்கப்பட்டன. கிராமத்தாரின் பொறுப்பின்மை என்று பட்டணத்துப் பத்திரிகைகள் எழுதின. கையில் காசு தராமல் கோழியைப் பிடித்துக்கொண்டு போகும் ஆளிடம் அதை ஒளிக்காமல் கொடுப்பது எந்த ஊர்ப் பொறுப்பு என்று அவை கேட்கவில்லை.

இந்த ஒளித்துவைப்பு நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1897இல் பம்பாய் மாகாணத்தில் பிளேக் பரவியபோது அவசரமாக இயற்றப்பட்டதுதான் கொள்ளைநோய்கள் சட்டம். அதன் துணையோடு புனேயில் பட்டாளத்தை வைத்து வீடு வீடாகச் சோதனை போட்டார்கள். நோயாளிகளை மக்கள் மறைத்தார்கள், பிணத்தை வீட்டுக்குள்ளேயே புதைத்தார்கள் என்றெல்லாம் அன்றைய பதிவுகள் பேசுகின்றன. சோதனைக்குத் தலைமை வகித்த ராண்ட் என்ற அதிகாரி அதே ஆண்டு ஜூன் மாதம் சாப்பேக்கர் சகோதரர்களால் சுடப்பட்டார். 112 ஆண்டுகள் கழித்து, 2009இல் பன்றிக் காய்ச்சல் புனேயைத் தாக்கியபோது மகாராஷ்டிர அரசு கையில் எடுத்ததும் அதே சட்டம்தான். அதிகாரிக்கு அதிகாரம் கொடுப்பதில் நம் சட்டங்களுக்கு ஒருபோதும் குறைவில்லை. அழிக்கப்படும் பிராணிக்கு இழப்பீடு தரும் அரசு ஏற்பாடு அந்த வகையில் ஒரு படி முன்னேற்றம்.

இழப்பீட்டை இரக்கத்தின் கணக்கில் எழுதுவது எங்கள் நோய்த்தடுப்புத் துறைக்கு வெளியே உள்ளவர்களின் பழக்கம். நான் அதை நோய்க் கண்காணிப்புச் செலவாக எழுதுவேன், ஆய்வகத்தின் ரசாயனச் செலவைப்போல. பொதுவிதி என்னவென்றால், அழிக்கப்படும் பறவைக்குத்தான் இழப்பீடு. தானாகச் செத்ததற்கு இல்லை. கேட்கக் கல்நெஞ்சமாகத் தோன்றினாலும் இதில் நல்ல யோசனை இருக்கிறது. நூறு கோழியில் பத்து செத்ததும் சொன்னவருக்குத் தொண்ணூறுக்குப் பணம். எண்பது செத்தபின் சொன்னவருக்கு இருபதுக்குத்தான். சீக்கிரம் சொல்வதற்கு ஒரு விலை கிடைக்கிறது. ஆனால் அந்தத் தொகை சந்தை விலைக்கு அருகில் இருந்தால்தான் இந்த யோசனை வேலை செய்யும். பாதி விலைக்கும் கீழே கொடுத்தால் ஒளிப்பார்கள், முழு விலைக்கும் மேலே கொடுத்தால் நோயில்லாத ஊரிலிருந்து கோழி வந்து இறங்கும். 2006இலேயே உலக வங்கியும் உலக உணவு வேளாண் அமைப்பும் மற்றவர்களும் சேர்ந்து தந்த வழிகாட்டுதலும் ஏறக்குறைய இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில்தான் நிற்கிறது. கேரளத்தில் குட்டநாட்டு வாத்துகளுக்கு நோய் வந்தபோது, இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாய், அதற்குக் குறைந்த வயதுக்கு 100 ரூபாய், முட்டைக்கு 5 ரூபாய் என்று மாநில அரசு வைத்தது. அந்த விலைக்கு வாத்துக்காரர் முன்வந்து சொல்வார் என்று நம்ப இடமிருக்கிறது.

ஏமாற்றுவார்களே என்பது இங்கே வழக்கமாக வரும் ஆட்சேபம். ஏமாற்றத்தான் செய்வார்கள், பத்துக் கோழியைப் பதினைந்து என்று கணக்குக் காட்டுவார்கள், கணக்கெடுப்பவரும் கூட்டுச் சேர்வார். கால்நடை ஆய்வாளரையும் ஊராட்சி ஆளையும் சேர்த்து, அழிப்பதற்கு முன்பே கூண்டுக் கூண்டாக எண்ணிக் கையெழுத்து வாங்கினால் பெரும்பகுதி அடங்கிவிடும். மிச்சமுள்ள திருட்டை, ஒரு வாரம் தாமதமாகத் தெரிந்தால் அழிக்க வேண்டிவரும் கூடுதல் பறவைகளின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து பொய்க் கோழிக்குப் பணம் போவதை நினைத்துத் தூக்கம் கெடும் நிதித்துறை, ஐந்தாவது மாவட்டத்துக்கு நோய் பரவும் செலவை இயற்கைச் சீற்றம் என்ற தலைப்பில் எழுதிவிட்டுத் தூங்கிவிடுகிறது. தொகையைவிடப் பெரிய கோளாறு தேதியில் இருக்கிறது. மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதி என்ற ஏற்பாட்டில் கோப்பு இரண்டு தலைநகரங்களைச் சுற்றி வருகிறது. அழிப்பு முடிந்து மாதக்கணக்கில் காத்திருந்து பணம் வாங்கியவர் அடுத்த முறை சொல்ல மாட்டார். அவரைப் பார்த்த பக்கத்து ஊர்க்காரரும் சொல்ல மாட்டார். கூண்டு காலியாகும் அன்றே, அந்த முற்றத்திலேயே, கையில் பணம் அல்லது வங்கிக் கணக்கில் வரவு. மற்ற சீர்திருத்தங்கள் எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு இதை மட்டும் செய்தாலும் அந்த இரண்டு தேதிகள் நெருங்கி வரும்.

இதே கணக்கு கூண்டோடு நிற்காமல் மேலே மேலே போகிறது. 2006இல் நவாப்பூர்ச் செய்தி வந்ததும், நோய்க்கும் தமக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தூரம் இருந்த நாமக்கல் பண்ணைக்காரர்களின் முட்டை விலை சரிந்தது; பல நாடுகள் இந்தியக் கோழியையும் முட்டையையும் மொத்தமாகத் தடை செய்தன. அப்படியிருக்க, ஒரு மாவட்ட அதிகாரியோ ஒரு மாநிலமோ சந்தேகத்தை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதில் வியப்பென்ன? நோய் வந்த வட்டாரத்தை மட்டும் தடை செய்து மற்றதை விட்டுவிடலாம் என்று உலக விலங்குச் சுகாதார அமைப்பின் விதிகள் சொல்கின்றன. வாங்கும் நாடுகள் அதை எப்போதும் மதிப்பதில்லை. நாடுகளுக்கு நடுவில், சொல்பவருக்கே நஷ்டமா என்ற இந்த நியாயத்தை உரக்கக் கேட்டது இந்தோனேசியா. எச்5என்1 தொற்றால் மிக அதிகமான மனிதர்களைப் பறிகொடுத்த நாடு அது: 200 பேருக்கு நோய், அவர்களில் 168 பேர் மரணம். அந்நாடு உலக சுகாதார நிறுவனத்துக்கு அனுப்பிய வைரஸை வைத்து ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தடுப்பூசி உருவாக்கியபோது, அதை வாங்கும் வசதி வைரஸைக் கொடுத்த நாட்டுக்கு இல்லை. 2006 இறுதியில் அன்றைய சுகாதார அமைச்சர் சித்தி ஃபதிலா சுபாரி மாதிரி அனுப்புவதை நிறுத்தினார். உலக நலனைப் பணயம் வைக்கிறார் என்று மேற்குநாட்டு நிபுணர்கள் சினந்தார்கள். பீர்பூமில் கூடைக்கடியில் கோழியை ஒளித்த பெண்ணும் ஜகார்த்தாவில் வைரஸை நிறுத்திய அமைச்சரும் செய்தது ஒரே காரியம். முன்னவருக்கு மேடை இல்லை. நான்கு ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின் 2011 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற ஒப்பந்தத்தில், வைரஸைப் பகிரும் நாடுகளுக்குத் தடுப்பூசியிலும் பயனிலும் பங்கு என்பது எழுத்தில் வந்தது. மாதிரியை நிறுத்தியது ஆபத்தான வழி என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த வழியில் போகாமல் இந்த ஒப்பந்தம் வந்திருக்கும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

நோயை ஒளிப்பது ஏழை நாட்டு வியாதி என்று யாராவது சொன்னால், 2024இல் அமெரிக்கக் கறவை மாடுகளுக்கு எச்5என்1 வந்த கதையைக் காட்டலாம். ஆய்வகத்துக்கோ பணத்துக்கோ அங்கே பஞ்சம் இல்லை. ஆனாலும் பல பண்ணைக்காரர்கள் மாட்டைச் சோதிக்க விடவில்லை. நோய் என்று தெரிந்தால் பால் விற்காது, ஆள் வராது. மாநிலம் விட்டு மாநிலம் போகும் கறவை மாட்டுக்குச் சோதனை கட்டாயம் என்று ஏப்ரல் கடைசியில் மத்திய ஆணை போட வேண்டியிருந்தது. பால் இழப்புக்கு ஈடு தருவதாகப் பின்னர் அறிவிக்க வேண்டியிருந்தது.

இனி, என் வாதத்துக்கு எதிரான கனமான சான்றுக்கு வருகிறேன். ஆசியக் கோழிக்கூண்டுகளை உலகமே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, 2009இல் கொள்ளைநோய் மெக்சிகோப் பக்கத்திலிருந்து, பன்றிகளின் வழியாக, எச்1என்1 உருவத்தில் வந்தது. கோழிக்குச் செலவிட்டதெல்லாம் வீண்தானே? அந்த வைரஸின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள் கண்டது, அதன் மூதாதைகள் பல ஆண்டுகள் பன்றிக் கூட்டங்களில் எவர் கண்ணிலும் படாமல் சுற்றிக்கொண்டிருந்தன என்பதை. பன்றிகளில் கண்காணிப்பு மிகக் குறைவு. அதனால் அந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே ஆண்டுகளே ஓடியிருந்தன. இந்தியா அப்போது கையில் எடுத்தவை விமான நிலையப் பரிசோதனையும் மருந்தும். மே 16 அன்று ஹைதராபாத்தில் முதல் நோயாளி உறுதியானார். ஆகஸ்ட் 3 அன்று புனேயில் முதல் மரணம். நோய் அரும்பாத நாட்களில் காய்ச்சல் இல்லாமல் இறங்கியவரை வெப்பமானி என்ன செய்யும்? தொடக்கத்தில் நாடு முழுமைக்கும் புனேயிலும் தில்லியிலுமாக இரண்டு ஆய்வகங்களே பரிசோதித்தன. இன்ஃபுளுயன்சாவுக்கான ஒசல்டாமிவிர் மாத்திரையில் மட்டும் இந்தியாவின் நிலை நன்றாக இருந்தது. அன்னாசிப்பூவிலிருந்து கிடைக்கும் அமிலத்தில் தொடங்கும் அந்த மருந்தை (பிரியாணிக்குப் போடும் அதே பூதான்) இந்திய நிறுவனங்களே மலிவாகத் தயாரித்தன. மருந்தை முதலில் கொண்டுவந்த வெளிநாட்டு நிறுவனத்தின் காப்புரிமை விண்ணப்பத்தை அந்த ஆண்டுதான் இந்திய அலுவலகம் நிராகரித்திருந்தது. ஆனால் மக்கள் கண்டபடி தின்றால் வைரஸ் பழகிவிடும் என்ற பயத்தில், போதை மருந்துக்குரிய கெடுபிடிகளுள்ள ஷெட்யூல் எக்ஸ் பட்டியலில் அதை வைத்தார்கள். அந்த உரிமம் பெற்ற கடைகள் சிறுநகரங்களில் அபூர்வமாக இருந்தன. உள்நாட்டுத் தடுப்பூசிகள் 2010 ஜூன், ஜூலையில் வந்தன. ஆலைகள் திறமையாக வேலை செய்தும், முதல் அலை அதற்குள் வந்து போய்விட்டது.

ஆய்வகத்தில் உறுதியான கணக்கின்படி 2009இல் 981 பேரும் 2010இல் 1,763 பேரும் இறந்தார்கள். கொள்ளைநோய் முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2010 ஆகஸ்டில் அறிவித்தது. பிறகு 2015இல், எந்த அபாய அறிவிப்பும் இல்லாத ஒரு சாதாரண ஆண்டில், அதே எச்1என்1 2,990 பேரைக் கொன்றது. அபாயம் அறிவித்தால் மட்டும் விழிக்கும் ஏற்பாட்டைத் தயார்நிலை என்று நான் சேர்க்க மாட்டேன்.

காசநோய்க்கும் கழிச்சலுக்கும் மருந்தில்லாமல் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் சாகும் நாட்டில், வரலாம் என்ற ஒரு நோய்க்காகச் செலவழிப்பது நியாயமா என்ற கேள்வியை என்னால் லேசாகத் தள்ள முடியாது. வராத நோய் என்று சொல்ல முடியாது என்பது ஒரு பதில்: 1918 இன்ஃபுளுயன்சாவில் எந்த நாட்டையும்விட இந்தியாவே அதிகம் இழந்தது, ஒரு கோடிக்கு மேல். அதுபோன்ற ஒன்று மறுபடி வந்தால் உலகில் சுமார் 6 கோடிப் பேர் இறப்பார்கள், அவர்களில் 96 விழுக்காட்டினர் வளரும் நாட்டவர் என்று 2006இல் லான்செட் இதழில் வந்த கணிப்பு சொன்னது. ஆனால் எனக்கு இதைவிட முக்கியமான பதில் வேறு. நான் கேட்கும் செலவு தனிக் கிடங்கில் பூட்டிவைக்கும் செலவல்ல. மருந்தகத்தில் மருத்துவர் இருப்பது, ஐஸ் பெட்டி இருப்பது, மாதிரி எடுத்துப்போக வண்டி இருப்பது, முடிவு திரும்பி வருவது எல்லாம் வெள்ளைக்கழிச்சலுக்கும் அடைப்பானுக்கும் வெறிநோய்க்கும் ஆண்டு முழுக்கப் பயன்படுபவை. தமிழ்நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1939இலிருந்து தனிச் சட்டமும், மருத்துவமனை நிர்வாகத்திலிருந்து பிரிந்த தனிப் பொதுச் சுகாதார இயக்ககமும், 1994இலிருந்து மருந்து வாங்கி விநியோகிக்கத் தனிக் கழகமும் இருக்கின்றன. இவற்றில் எதுவும் இன்ஃபுளுயன்சாவை நினைத்து உருவாக்கப்படவில்லை. 2009இல் கிண்டி கிங் ஆய்வகம் பரிசோதனையைத் தொடங்கியபோது, மாதிரி வந்துசேரவும் மாத்திரை போய்ச்சேரவும் பாதை ஏற்கெனவே போடப்பட்டிருந்தது.

கோழிக்கே தடுப்பூசி போட்டால் என்ன என்பார்கள். சீனாவும் வியட்நாமும் எகிப்தும் போட்டன; சாவு குறைந்தது. ஆனால் எகிப்தில் போலப் பாதிக் கோழிக்குப் போட்டு, பாதியை விட்டால், கோழி சாகாமலே வைரஸைக் கொட்டும். முதல் கோழி செத்த நாள் என்ற ஒரே அடையாளமும் கையைவிட்டுப் போகும். எகிப்தில் மனிதத் தொற்று முந்நூற்றைத் தாண்டியது. ஊசி போட்ட கூட்டத்தில் நோயைத் தேடும் ஆய்வக வலு வராதவரை இந்தியா இதில் விலகி நிற்பது சரி என்றே நினைக்கிறேன்.

கால்நடைத் துறையும் சுகாதாரத் துறையும் ஒன்றையொன்று விசாரிப்பதில்தான் இன்னும் பெரிய ஓட்டை. 2021 ஜூலையில் தில்லி எய்ம்ஸில் இறந்த ஹரியானாவின் 11 வயதுச் சிறுவனே இந்தியாவில் எச்5என்1 தொற்றால் இறந்ததாகப் பதிவான முதல் மனிதன். சுற்றுவட்டாரத்தில் தேடியபோது நோயுற்ற பறவை எதுவும் அகப்படவில்லை. 2024இல் ஆஸ்திரேலியாவில் ஒரு குழந்தைக்கு எச்5என்1 உறுதியானது. கொல்கத்தா போய்த் திரும்பிய குழந்தை. தொற்று இங்கேதான் ஏற்பட்டிருக்க வேண்டும் என்பதை வைரஸின் வகை காட்டியது. இங்கே நடந்த தொற்றை மெல்பர்ன் பக்கம் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கோழி அழித்த தொழிலாளர்களைப் பத்து நாள் காய்ச்சல் பார்ப்பதோடு சுகாதாரத் துறையின் வேலை முடிந்துவிடுகிறது. கோழி செத்த தெருவில் யாருக்கு நெஞ்சுச்சளி என்று கேட்கும் வேலை, தாய்லாந்தில் 2004இல் கிராம சுகாதாரத் தொண்டர்களை லட்சக்கணக்கில் வீடு வீடாக அனுப்பிச் செய்ததைப் போல, ஆஷா என்ற கிராம சுகாதாரப் பணியாளரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். அவருக்கும் அதற்குக் கூலி தர வேண்டும்.

கடைசியாக, பணம் யார் கைக்குப் போகிறது என்பது. விதி இழப்பீட்டைப் பறவையின் உரிமையாளருக்கு என்கிறது. பல்லடம், உடுமலைப்பேட்டைப் பக்கத்துக் கறிக்கோழிப் பண்ணைகளில் குஞ்சும் தீவனமும் நிறுவனத்துடையவை. கொட்டகையும் உழைப்பும் மட்டுமே விவசாயியுடையவை. அவருக்குக் கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்ற வளர்ப்புக் கூலி. கூட்டம் அழிக்கப்பட்டால் இழப்பீடு நிறுவனத்துக்கு. கூலி இழப்பும், கொட்டகை காலியாக நிற்கும் மூன்று மாதமும் விவசாயியின் தலையில். கொட்டகைக்குள் விடிகாலையில் முதலில் நுழைந்து முதல் செத்த கோழியைப் பார்ப்பவர் அவர்தான். முட்டைப் பண்ணைகளில் அதைப் பார்ப்பவர் வடமாநிலத்திலிருந்து வந்த கூலியாள். அறுவடை முடிந்த வயல்களில் மேய்ச்சல் வாத்துகளை மாவட்டம் மாவட்டமாக ஓட்டிப்போகிறவருக்கோ எந்த ஊர் மருந்தகத்திலும் பெயரில்லை. இழப்பீட்டு விதியில் இந்த மூன்று பேருக்கும் ஒரு வரி சேர்க்க வேண்டும்: வளர்ப்புக் கூலி, நின்றுபோன நாட்களின் சம்பளம், ஊர் எதுவானாலும் அங்கேயே வாத்துக்குப் பணம். செலவு எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட மாநில நிதித்துறைக்கு ஒரு வாரம் போதும்.